ஏடு பெயர்த்தெழுதிய கைகள்

பதுளை நகரின் பொது நூலகத்துக்குச் செல்பவர்கள் அங்கே பாதுகாக்கப்படும் கல்தூண் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். வரலாற்று மாணவர்கள் அதைப் பதுளைத் தூண் கல்வெட்டு என்று அழைப்பார்கள். அதன் நான்கு பக்கங்களிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வரிகள் பழஞ்சிங்களத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 10ஆம் நூற்றாண்டில் உதயன் என்னும் அனுராதபுர மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோப்பிட்டிகம என்ற சந்தையூரின் வணிகரும் குடிகளும் அவனிடம் ஒரு முறைப்பாட்டைச் சமர்ப்பித்தனர். அதிகாரிகள் விதிமுறைக்கு மாறாகத் தம்மிடம் வசூலிக்கிறார்கள் என்பதே அவர்களது குறை. அதற்குப் பரிகாரமாக மன்னன் விதித்த சந்தை ஒழுங்குகளே அத்தூணில் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் சொரபொர வாவிக்கருகே கண்டெடுக்கப்பட்ட அது, பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது.

ஊவாவின் சாதாரண மக்களுடைய மனக்குறையொன்றை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மால் வாசிக்க முடிகிறது. அது கல்லில் இருப்பதே காரணம். கல்லில் ஒருமுறை வெட்டினால் போதும். பிறகு அதைக் காப்பாற்ற எவரும் வேண்டியதில்லை. ஆனால் உலகின் பெரும்பாலான எழுத்து கல்லில் எழுதப்பட்டதன்று. ஓலையிலும் தோலிலும் தாளிலும் எழுதப்பட்டது. அவையெல்லாம் அழியும் பொருள்கள். அழிவதற்கு முன்னர் யாராவது ஒருவர் அமர்ந்து அதை இன்னொன்றில் பார்த்தெழுத வேண்டும். அப்படிப் பார்த்தெழுதியவர்களைப் பற்றியே இந்தப் பதிவு. கவிஞர்களை நாம் கொண்டாடுகிறோம், உரையாசிரியர்களைப் போற்றுகிறோம், பதிப்பாசிரியர்களுக்குச் சிலை வைக்கிறோம். இவர்களுக்கிடையே நின்று ஏடு பெயர்த்தெழுதியவர்களுக்குப் பெயரே இல்லை.

மூன்று விரல்களின் உழைப்பு

மத்தியகால ஐரோப்பாவில் இந்த வேலையை நெடுங்காலம் செய்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். 6ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசின் மேற்குப் பகுதி சிதைந்த பின்னர், இத்தாலியில் காசியோடோருஸ் என்ற முன்னாள் அரச அதிகாரி விவாரியம் என்னும் மடத்தை நிறுவினார். நூல்களைப் படியெடுப்பதையே அறப்பணியாக அவர் தம் துறவிகளுக்கு விதித்தார். பேனாவும் மையும் கொண்டு சாத்தானோடு போரிடுவது என்று அப்பணியை அவர் வருணித்தார். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அயர்லாந்து தொடங்கி ஜெர்மனி வரை மடங்கள்தோறும் எழுதுகூடங்கள் தோன்றின. கன்றுத்தோலும் ஆட்டுத்தோலும் பதப்படுத்தப்பட்டுத் தாளாயின. வாத்தின் இறகு பேனாவாயிற்று.

அந்த உழைப்பின் அளவை அறிய ஒரு நூலைச் சொன்னாலே போதும். வட இங்கிலாந்தின் வேர்மவுத், ஜாரோ என்னும் இரட்டை மடத்தில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று முழு விவிலியப் படிகள் எழுதப்பட்டன. அவற்றுள் முழுமையாக எஞ்சியுள்ளது ஒன்றே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளைக் கொண்ட அந்த ஒரு படிக்கு மட்டும் ஐந்நூறு கன்றுகளின் தோல் வேண்டியிருந்திருக்கும் என்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். மடத்தின் அதிபர் செயோல்பிரித் 716ஆம் ஆண்டில் அதைப் பாப்பரசருக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு ரோமுக்குப் புறப்பட்டு வழியிலேயே காலமானார். இன்று அந்நூல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருக்கிறது. அதன் காணிக்கை வரியில் இருந்த பெயரைப் பிற்காலத்தில் எவரோ சுரண்டிவிட்டு வேறு பெயரை எழுதிவிட்டனர். எனவே அது இத்தாலியிலேயே எழுதப்பட்டது என்று பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் உண்மை தெரியவந்தது. ஒரு மடமே கூடி எழுதிய நூலுக்கு அந்த மடத்தின் பெயர்கூட மிஞ்சவில்லை.

எழுதியவர்கள் நூலின் கடைசியில் சிற்சில வரிகள் எழுதி வைப்பதுண்டு. குளிரில் கை விறைத்ததையும், கண் மங்கியதையும், முதுகு நொந்ததையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். எழுதுவது மூன்று விரல்கள் என்றாலும் நோவது உடம்பு முழுவதும் என்பது ஐரோப்பிய எழுத்தர்கள் திரும்பத் திரும்ப எழுதிய ஒரு முறைப்பாடு. நூலைத் திருடுபவன் நாசமாய்ப் போகட்டும் என்ற சாபங்களும் உண்டு.

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் சார்லமேன் காலத்தில் தெளிவான, சீரான புதிய எழுத்துவடிவம் ஒன்று பரவியது. அந்த எழுத்தில் 9ஆம் நூற்றாண்டுத் துறவிகள் பழைய இலத்தீன் இலக்கியங்களைப் பெருமளவில் படியெடுத்தார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் இலத்தீன் இலக்கியங்களில் பெரும்பகுதி அக்காலப் படிகளின் வழியாகவே பிழைத்தது. இயற்கையைக் கடவுளர் துணையின்றி விளக்க முயன்ற லுக்ரீசியஸின் நெடும்பாடலும் அவ்வாறே பிழைத்து, 1417இல் போஜ்ஜோ என்ற இத்தாலிய அறிஞர் கையில் அகப்பட்டது. அப்பாடலின் கருத்தோடு துறவிகளுக்கு எள்ளளவும் உடன்பாடு இருந்திருக்க முடியாது. இருந்தும் படியெடுத்தார்கள். தமக்கு ஒவ்வாததையும் அழியவிடாமல் எழுதிவைத்த அந்தக் கைகளுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

இவ்வேலை ஆண்களுடையது மட்டும் என்ற எண்ணத்தையும் அண்மைக் காலம் மாற்றியிருக்கிறது. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் கன்னியர் மடமொன்றின் இடுகாட்டில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்ணொருவரின் எலும்புகள் கிடைத்தன. அவரது பற்காரையில் நீலக்கல் துகள்கள் இருந்தமையை 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அந்த விலைமதிப்புள்ள நீலத்தைக் கொண்டே ஏடுகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தியபோது அது பல்லில் படிந்திருக்கலாம் என்பது அவர்களது விளக்கம். அப்பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவரது தொழிலுக்குச் சான்று சொல்ல அவரது பல் மட்டுமே மிஞ்சியது.

ஓலையும் எழுத்தாணியும்

நமது நிலத்துக்கு வருவோம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பனையோலையும் தாளிப்பனை ஓலையுமே நம் முன்னோரின் தாள்கள். ஓலையைப் பதமாக வாட்டி, வேகவைத்து, உலர்த்தி, மழமழப்பாக்கி, அளவாக நறுக்குவார்கள். பிறகு எழுத்தாணியால் கீறுவார்கள். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்தால்தான் கறுத்துத் தெரியும். துளையிட்டுக் கயிறு கோத்து, இரு மரச்சட்டங்களுக்கிடையே கட்டினால் சுவடி ஆயிற்று. சிங்களத்தில் பதப்படுத்திய தாளிப்பனை ஓலையைப் புஸ்கொல என்றும் எழுத்தாணியைப் பன்ஹிந்த என்றும் சொல்வார்கள்.

நமது வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலைச்சுவடி நன்கு பேணப்பட்டாலும் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. கறையானும் இராமபாணமும் அதற்கு முன்பே வந்துவிடும். இலங்கையில் இன்று எஞ்சியுள்ள சுவடிகளில் பெரும்பாலானவை 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. சங்கப் பாடல்களோ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு புறநானூற்றுப் பாடல் நம்மிடம் வந்து சேர வேண்டுமானால் ஏழெட்டுப் பேராவது, ஒருவருக்குப் பின் ஒருவராக, அதைப் பெயர்த்தெழுதியிருக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரே ஒருவர் சோம்பியிருந்தாலும் கணியன் பூங்குன்றன் என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது.

இலங்கைக்கு இந்த உண்மை மிக முன்னரே தெரிந்திருந்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் எழுத்தில் வடிக்கப்பட்டது என்று மகாவம்சம் கூறுகிறது. மாத்தளைக்கருகே உள்ள அலுவிகாரையே அவ்விடம் என்பது மரபு. 18ஆம் நூற்றாண்டில் கண்டியில் பௌத்தம் நலிந்திருந்தபோது சீயத்திலிருந்து துறவிகளும் ஏடுகளும் வரவழைக்கப்பட வேண்டியிருந்தது. இங்கிருந்து சென்ற பௌத்த ஏடுகளின் மரபு அயல்நாட்டில் படியெடுக்கப்பட்டுப் பிழைத்திருந்து, தேவைப்பட்ட காலத்தில் தாயகம் திரும்பியது. மகாவம்சத்தின் கதையும் இதுபோன்றதே. ஜோர்ஜ் டேர்னர் என்ற ஆங்கில அதிகாரிக்கு, முல்கிரிகலை விகாரையில் இருந்த அதன் உரைநூலின் படி 1826இல் கிடைத்தது. அதன் துணைகொண்டு அவர் 1837இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பே மகாவம்சத்தை உலகறியச் செய்தது.

எழுதும்போது நேர்ந்த பிழைகள்

படியெடுத்தல் சுலபமான வேலையன்று. பழைய தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஏட்டில் ‘கொல’ என்று இருந்தால் அது கொல் என்பதா, கோல் என்பதா, கோல என்பதா என்று இடம் நோக்கித்தான் துணிய வேண்டும். காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. பாடல்களுக்கிடையே வெளியும் கிடையாது. ஒருவர் படிக்க இன்னொருவர் எழுதும் வழக்கத்தில் ரகர றகரங்களும் னகர ணகரங்களும் செவியில் மயங்கின. ஏட்டின் இறுதியில் பிழை பொறுக்க வேண்டுமென்று எழுத்தர் வேண்டிக்கொள்வது வெறும் அவையடக்கம் என்று நான் நினைக்கவில்லை. தம் கைப்பட்ட பிழை அடுத்த இருநூறு ஆண்டுகள் வாழும் என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

இந்தப் பிழைகளுக்கிடையே பாதை கண்டவர்கள்தாம் சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். அதே 1887இல் ஐயரின் சீவகசிந்தாமணி வந்தது. 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் வந்தன. ஊரூராக அலைந்த அவர்கள், ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தை அறிந்து வருந்தினார்கள். புதிய படி எழுதியபின் பழையதை ஆற்றில் விடுவது ஒரு காலத்தில் பொருளுள்ள செயலாக இருந்திருக்கலாம். படியெடுக்கும் பழக்கம் நின்றபின்னரும் ஆற்றில் விடும் பழக்கம் மட்டும் நிற்காமல் போனதே பேரிழப்பாயிற்று.

தோட்டத்துக் கொப்பிகள்

நான் பிறந்து வளர்ந்தது பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டமொன்றில். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழகத்தின் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பகுதிகளிலிருந்து இம்மலைகளுக்கு வந்தவர்களில் எழுதப்படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர். ஆயினும் அவர்களது வாழ்வில் எழுத்து இல்லாமல் இல்லை. துண்டு என்ற கடிதத்தில் ஒரு குடும்பத்தின் கடன் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்த்தாலன்றி அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். குறை கண்டால் அரைப்பேர். ஒரு நாள் கூலிக்கே ‘பேர்’ என்று பெயர் வைத்த சமூகம் வேறெங்கும் உண்டோ நானறியேன். ஆனால் அந்தப் பேரை எழுதிய கையும், எழுதிய புத்தகமும் தொழிலாளிக்குச் சொந்தமல்ல.

அவர்களுக்குச் சொந்தமான எழுத்து வேறோரிடத்தில் இருந்தது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்று கூத்துகளும் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஆடப்பட்டவை. அவற்றின் பாட்டும் வசனமும் கூத்து வாத்தியாரின் கொப்பியில் இருக்கும். சிறுவயதில் எங்கள் தோட்டத்து வாத்தியாரின் கொப்பியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மட்டை கிழிந்து, மூலைகள் மடிந்து, சாம்பிராணியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம். அவர் அதைத் தம் குருவின் கொப்பியைப் பார்த்து எழுதினார். குரு தம் குருவினுடையதைப் பார்த்து எழுதினார். பத்திக்குப் பத்தி பிள்ளையார் சுழி. கடைசிப் பக்கத்தில் குருவே துணை. பல்கலைக்கழகத்தில் சுவடியியல் பற்றிப் படித்தபோதுதான், மத்தியகால ஏட்டுமரபொன்றின் கடைசிக் கண்ணியை லயத்துத் திண்ணையில் பார்த்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அச்சு வந்து நூற்றாண்டு கடந்த பின்னரும், அச்சுக்கூடம் எட்டிப்பாராத ஒரு மக்கள் கையால் பெயர்த்தெழுதியே தம் இலக்கியத்தைக் காத்தார்கள். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் இந்தியாவிலிருந்து வந்தபோதும் அவற்றையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஒரு தாள் இல்லாமையால்

எழுத்தும் படியும் இல்லாதவர்கள் எதை இழப்பார்கள் என்பதை மலையக மக்கள் கூத்தில் கற்கவில்லை, குடியுரிமையில் கற்றார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும், ஏனையோர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது; தாள் வேண்டும். பிறப்புப் பதிவு எங்கே? தோட்டப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் மரணப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கும் தகப்பன் பெயர் ஒரே ஆளுடையதுதானா? ஏட்டில் ‘கொல’ என்ற சொல்லைப் பார்த்துப் புலவர்கள் பட்ட பாட்டைக் கச்சேரி வாசலில் இந்த மக்கள் தங்கள் பெயரை வைத்துப் பட்டார்கள். புலவர் தவறாகத் துணிந்தால் ஒரு பாடலின் பொருள் மாறும். அதிகாரி தவறாகத் துணிந்தால் ஒரு குடும்பம் கப்பலேறும். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும், பிரிக்கப்பட்ட குடும்பங்களும் வாசகர்கள் அறிந்த வரலாறு. எஞ்சியோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்வை எட்டியது.

கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதிக் கொடுத்தவர்களையும், லயத்தில் இந்தியாவுக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்திமாரையும் நான் இந்த எழுத்தர் வரிசையிலேயே சேர்ப்பேன். ஹோப்பிட்டிகம வணிகரின் முறைப்பாடு கல்லேறியது. இவர்கள் எழுதிய முறைப்பாடுகள் எந்தக் கோப்பில் செல்லரித்தனவோ!

செல்லரிப்புக்கு முன் நெருப்பும் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடனும் அரிய சுவடிகளுடனும் எரிந்து முடிந்ததை உலகமே அறியும். 1983 ஜூலை 27இல் பதுளையிலும் தொடர்ந்து ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை, லுணுகலை எனச் சுற்றுவட்டாரத்திலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது உள்ளே எத்தனை கொப்பிகள், எத்தனை பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன என்பதற்குப் பட்டியல் இல்லை. படியெடுக்கப்படாத பொருளின் இழப்பைக் கணக்கெடுக்கவும் முடியாது.

புதிய எழுத்தர்கள்

1492இல் ஜெர்மனியின் ஸ்பொன்ஹைம் மடாதிபதி யோகான்னஸ் திரித்தேமியுஸ், எழுத்தர்களைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். கூட்டன்பெர்க்கின் அச்சு விவிலியம் வந்து நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. தோலில் எழுதியது ஆயிரமாண்டு நிற்கும், அச்சிட்ட தாள் அவ்வளவு காலம் நிற்குமா என்று அவர் கேட்டார். அந்நூலை 1494இல் அவரே அச்சிலும் வெளியிட்டார் என்பது வரலாற்றின் நகைச்சுவை. நான் இதை முரண்பாடாகக் கருதுவதில்லை. எந்த வழியில் அதிகப் படிகள் பரவுமோ அந்த வழியைத் தேர்வதே எழுத்தரின் அறம்.

அந்த அறம் தமிழில் இன்றும் வாழ்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து வழங்கினார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் மின்படியாக்கி வருகிறது. விவாரியத்துத் துறவிகளுக்கும் இவர்களுக்கும் இடையே கருவிதான் வேறு. ஒரே ஒரு படி இருப்பது ஆபத்து என்ற அறிவு இருவருக்கும் பொது.

இதை வாசிக்கும் மலையக உறவுகள் ஊவாவிலும் இருக்கிறீர்கள்; தமிழ்நாட்டில் நீலகிரியிலும் திருச்சியிலும் இருக்கிறீர்கள்; கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தாவின் கூத்துக் கொப்பி இருக்கலாம்; ஒப்பாரிப் பாட்டு எழுதிய பக்கம் இருக்கலாம்; துண்டோ, பழைய கடவுச்சீட்டோ, கடிதமோ இருக்கலாம். அது உயர்ந்த இலக்கியமா, ஆவணப் பெறுமதி உடையதா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். லுக்ரீசியஸைப் படியெடுத்த துறவி அப்படித் தீர்மானித்திருந்தால் அந்த நூல் இன்று இல்லை. கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். எழுதியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தெரிந்ததைக் குறியுங்கள். இரண்டு இடங்களிலாவது வையுங்கள்.

எழுதிய கையின் பெயரையும் மறவாமல் சேர்த்து எழுதுங்கள். இவ்வளவு காலமும் அது ஒன்றுதான் விடுபட்டு வந்திருக்கிறது.